இழந்த வயலினும் ஈடுசெய்த பணமும்

காப்புறுதி என்னும் ஏற்பாடு ஐரோப்பாவிற் கடல் வணிகத்தின் தேவையிலிருந்து வளர்ந்ததாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வேட் லொயிட் என்பார் நடத்திய கோப்பிக் கடையிற் கப்பற் சொந்தக்காரரும் வணிகரும் கூடி இடரைப் பங்கிட்டுக்கொண்டனர். அதுவே பின்னர் லொயிட்ஸ் என்னும் காப்புறுதிச் சந்தையாக உருப்பெற்றது. கப்பலுக்கும் சரக்கிற்கும் உரியதாயிருந்த இம்முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் களவிற்கெதிரான காப்புறுதியாகவும் விரிந்தது. சரக்கின் பெறுமதியைச் சந்தை விலை கூறிவிடும். இசைக்கருவியின் பெறுமதியைக் கூறுவது எது? ஒரு வயலினின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்ராடிவாரி 1713இற் செய்த அவ்வயலின், போலந்து நாட்டு இசைக்கலைஞரான புரொனிஸ்லாவ் ஹூபர்மனின் உடைமையாயிருந்தது. 1919இல் வியன்னாவிற் களவுபோய் விரைவிலேயே மீட்கப்பட்டது. 1936 பெப்ரவரி 28இல் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் அவர் வேறொரு வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருக்கையில், அறையில் வைத்துச் சென்ற இக்கருவி மீண்டும் களவாடப்பட்டது. லொயிட்ஸ் காப்புறுதியாளர் 30,000 டொலரை நட்டஈடாக வழங்கினர். ஹூபர்மன் 1947இற் காலமாகும்வரை அதனை மீளக் காணவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஜூலியன் ஆல்ட்மன் என்னும் வயலின் கலைஞர், சப்பாத்து மையினால் அதன் மேனியை மறைத்து வாசித்துவந்தார். 1985இல் மரணத் தறுவாயிலேயே தம் மனைவியிடம் உண்மையை வெளியிட்டார். காப்புறுதியாளர் முழு இழப்பிற்கும் ஈடுசெய்தபின் பொருள் மீட்கப்படின் அது அவர்களுக்கே உரித்தாகும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் பொதுத் தத்துவம். நட்டஈடும் பொருளும் ஒருங்கே ஒருவரைச் சேரலாகாது என்பதே இதன் நியாயம். இதன்படி 1987இல் வயலின் லொயிட்ஸிடம் சேர்ந்தது. மீட்டுக் கொடுத்தமைக்காக அம்மனைவி பெற்ற வெகுமதி சுமார் 2,63,000 டொலர். அஃதாவது, உரிமையாளர் பெற்ற நட்டஈட்டைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். 1988இல் நோபேட் பிறெய்னின் அதனை 12 இலட்சம் டொலருக்கு வாங்கினார். 2001இல் ஜோசுவா பெல் ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் கொடுத்தார்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க நிகழ்வொன்றும் உண்டு. ரோமன் டோட்டன்பேர்க்கிடமிருந்து 1980இற் களவுபோன ஸ்ராடிவாரி வயலின், அவர் மறைந்து மூன்றாண்டுகளின்பின், 2015இல் மீட்கப்பட்டது. அவருடைய புதல்வியர் அன்று பெற்ற நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனத்திற்குத் திருப்பிச் செலுத்தி உரிமையை நிலைநாட்டினர்.

இவ்விரு வரலாறுகளும் புலப்படுத்துவது யாது? காப்புறுதி ஈடுசெய்வது கருவியின் பரிவர்த்தனைப் பெறுமதியையே. அதுவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நாளின் பெறுமதியையே. கலைஞனுக்கோ அதன் பயன்பாட்டுப் பெறுமதியே முதன்மையானது. பல்லாண்டுப் பயிற்சியில் விரலும் செவியும் அக்கருவியோடு கொண்ட உறவிற்குக் கட்டுப்பணம் விதிக்க எவராலும் இயலாது. எனினும் இதனாற் காப்புறுதி பயனற்றதெனக் கொள்ளலாகாது. நட்டஈடு இல்லையேல், கருவியை இழந்த கலைஞன் அடுத்த கருவியையும் இழந்தவனாவான். காப்புறுதி காப்பது இழந்த நாதத்தையன்று. அதனை இழந்தவன் மீண்டும் வாசிப்பதற்கான வாய்ப்பையே எனலாம்.