வாகூர் ஏரியும் வித்தியாஸ்தானமும்

வேனிலின் வெம்மைக்கு ஆற்றாது உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுவோர், அங்குள்ள குளிர்ச்சி முழுவதையும் மலையின் கொடையென்றே எண்ணுவர்; எனினும் உதகையின் நடுவே விளங்கும் ஏரி, 1820களில் கோயமுத்தூர் ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் துரை முயன்று, மனிதர் கையால் அமைப்பித்ததேயாகும். மலையென்று சொல்லத்தக்க மேடொன்றும் இல்லாத எங்கள் வாகூரிலோ, அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னரே சமவெளியில் கரையெடுத்து, நீரைத் தேக்கி, அந்நீரை அண்டி நெல்லையும் கல்வியையும் ஒருங்கே வளர்த்திருக்கின்றனர்.

புதுவையிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையில் சென்று, மேற்கே வயல்களினூடே திரும்பினால் வாகூர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பிரிந்துவரும் பங்காரு வாய்க்கால் வாகூர் ஏரியை நிரப்புகிறது; புதுவைப் பிரதேசத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. பங்காரி, சிங்காரி என்னும் நடனமாதர் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வெட்டுவித்த வாய்க்கால் என்பது கர்ண பரம்பரை. சான்று கேட்போர் இதனை ஏற்கத் தயங்கலாம். ஆயினும், உண்ட சோற்றுக்கு நன்றியாக அப்பெண்களின் பெயரை உழவர் இன்றளவும் மறவாதிருப்பதையே ஒரு சாஸனமாகக் கொள்ள யான் தயங்கேன்.

மெய்யான சாஸனமும் வாகூருக்கு வாய்த்திருக்கிறது. 1879இல் வெளிப்பட்ட வாகூர்ச் செப்பேடுகள், ஒரு வளையத்திற் கோத்த 5 ஏடுகள். வடமொழியும் தமிழும் கலந்தவை. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், வேசாலிப் பேரரையன் என்பானின் விண்ணப்பத்தின்பேரில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய 3 கிராமங்கள் வாகூர் வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு வித்யாபோகமாக, அதாவது கல்விக்குரிய மானியமாக, அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. அலைமோதி வரும் கங்கையைச் சிவபெருமான் சடையில் தாங்கியதை, கல்வி வெள்ளம் வாகூரில் வந்து தங்கியதற்கு உவமையாக்குகிறான் சாஸனக் கவி. ஏட்டில் படிக்கையில் இது புலவர் மரபாகவே தோன்றும்; பெருவெள்ளத்தை நிறுத்தி, வேண்டும் அளவு மதகு வழியே வயலுக்கு விடும் ஏரிக்கரையில் நின்று நினைக்கும்போதுதான், இவ்வூரைக் கண்ணாற் கண்டு பாடியவன் இவன் என்ற உறுதி நெஞ்சில் பிறக்கிறது. கிராமதானம் என்பது வெறும் மண்ணைக் கொடுப்பதன்று. அதில் பாயும் நீரின் பயனையும் சேர்த்துக் கொடுப்பதாகும். ஆசிரியரும் மாணாக்கரும் உண்ட சோறு அந்நீரில் விளைந்ததே.

அழகிய சோழச் சதுர்வேதிமங்கலம் எனக் கல்வெட்டுகள் இவ்வூரைக் குறிக்கும் காலத்துச் செல்வச் செழிப்புக்கு மூலநாதர் ஆலயமே சாட்சி. வருவோர் பலரும் விமானத்தை அண்ணாந்து நோக்கிவிட்டுத் திரும்புகின்றனர். இங்கே பார்க்கவேண்டியது குனிந்து பார்க்கவேண்டியது. அடித்தளத்தில் வரிசையாக உள்ள சிறுசிறு சிற்பங்களில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில், காலை மடித்துக் கையை வீசி நடனமாதர் ஆடுகின்றனர். தேய்ந்துபோன முகங்களிலும் இடையின் ஒசிவு தேயவில்லை.

இத்தகைய வளமுள்ள ஊர்மீது பல அரசுகளின் கண் விழுந்தது வியப்பன்று. தக்கோலப் போரில் சோழரை வென்ற இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டுகளும் இவ்வூரில் உண்டு. 1752இல் ஆங்கிலப் படைத்தலைவர் மேஜர் லாரன்ஸ், பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் உறவினன் கெர்ஜானின் படையை முறியடித்தது வாகூர் வெளியில். 1783ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையிலோ வில்லியனூரும் வாகூரும் பெயர் சுட்டியே பிரெஞ்சுக்காரருக்கு உரியவாக்கப்பட்டன. கடற்கரைப் பட்டினமொன்று பசியின்றி வாழ, நெல் விளையும் உள்நாடு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என நெற்பயிர் மாறிமாறி விளையும் இப்பகுதியைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பர்; கரும்பும் உண்டு. அக்களஞ்சியத்தின் திறவுகோல் பங்காரு வாய்க்காலிலேயே இருக்கிறது. மழைக்கு முன் அது தூர்வாரப்படவேண்டும், கரை பலப்படவேண்டும். அதன் நீரின் அருமையை உணர, வாகூருக்கு வருவோர் ஆலய தரிசனம் முடிந்ததும் திரும்பிவிடாமல், கார்த்திகை மாதத்து மாலையில் ஏரிக்கரைமீது ஏறி நிற்கவேண்டுமென்று வேண்டுகிறேன். ஒருபுறம் நாரைகள் இறங்கும் நீர்ப்பரப்பு. மறுபுறம், அதனினும் தாழ்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் இளம்பச்சைச் சம்பா. இரண்டிற்கும் இடையே, காலடியில், மதகின் வாயினின்று நீர் இறங்கும் ஓசை.