கையுறை, கிமோனோ, சேலை: ஒரு மிஷனரியின் குடியேற்றம் குறித்துச் சில குறிப்புகள்

ஜப்பானின் மேற்குக் கரையில், இசுமோ பிரதேசத்தில் இருக்கும் மட்சுயே என்ற ஊருக்கு 1893இல் ஓர் அயர்லாந்துப் பெண் வந்து சேர்கிறார். வயது இருபத்தைந்து. மொழி தெரியாது. மொழிபெயர்க்க மிசாகி சான் என்ற ஜப்பானியப் பெண் கூடவே போகிறார். ஒருநாள் நோயில் கிடந்த ஒரு கிழவியிடம் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிழவியும் காதுகொடுத்துக் கேட்கிறார். இன்னும் கொஞ்சம் பேசினால் மனம் திரும்பிவிடுவார் என்கிற கட்டத்தில், கிழவியின் கண் அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையிலிருந்த ரோமக் கையுறையில் விழுகிறது. இது என்ன என்று கேட்கிறார். பேச்சு அதோடு போச்சு. வீடு திரும்பிய மிஷனரி தன் ஆங்கில உடைகளைக் கழற்றி வைத்துவிட்டு கிமோனோ உடுத்திக்கொண்டார்.

அவர்தான் ஏமி கார்மைக்கேல். பிற்பாடு திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் அரை நூற்றாண்டு தங்கி, 1951இல் அங்கேயே இறந்து, 'அம்மை' என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் அடக்கமாகியிருப்பவர். ஜப்பானில் இருந்தது சுமார் பதினைந்து மாதம். நம்மூரில் அவரைப் பற்றி எழுதும் பக்தர்கள் இந்தப் பதினைந்து மாதத்தை ஒரு முன்னுரையாகத் தாண்டிப் போய்விடுவார்கள். கையுறைக் கதையை மட்டும் விடமாட்டார்கள். பார், எவ்வளவு தாழ்மை! என்று முடித்துக்கொள்வார்கள். தாழ்மை இருந்திருக்கலாம், அதை மறுக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. உடையை மாற்றிக்கொள்வது என்கிற செயல் எந்த இடத்தில், எந்த அதிகாரத்தின் நிழலில் நடக்கிறது, அதற்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

கார்மைக்கேலின் வாழ்க்கையில் துணி சும்மா வந்துபோகிற விஷயமில்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை பார்த்த பெண்களோடுதான் அவருடைய ஊழியம் ஆரம்பித்தது. தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வரும் அந்தப் பெண்களுக்கு 'ஷாலிகள்' என்றே பெயர். சால்வைக்காரிகள். தொப்பி போட்ட கண்ணியவான்களின் தேவாலயத்தில் சால்வைக்காரிகள் உட்கார்ந்தால் முகம் சுளிக்கிற ஆட்கள் இருந்தார்கள். 1889இல் அவர்களுக்கென்றே தனியாகத் தகரக் கொட்டகை மண்டபம் ஒன்றை அவர் எழுப்ப வேண்டியிருந்தது. ஆக, உடுத்தியிருப்பதை வைத்துத்தான் ஒரு உடல் வாசிக்கப்படுகிறது, வார்த்தை அதற்குப் பிறகுதான் என்பது அவருக்கு ஜப்பானுக்குப் போகுமுன்பே தெரிந்திருக்கும். ஆனால் பெல்ஃபாஸ்டில் அவர் வாசிக்கிற பக்கம் இருந்தார். மட்சுயேயில்தான் வாசிக்கப்படுகிற பக்கத்துக்கு வந்தார். ஒரு ஜப்பானியக் கிழவி ஒரு ஐரோப்பிய உடலை வாசித்தார் என்பதே என் பார்வையில் அந்தக் கதையின் முக்கியமான பகுதி.

அந்தக் காலத்து ஜப்பானை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்தவத்தைத் தடை செய்த அறிவிப்புப் பலகைகள் 1873இல்தான் இறக்கப்பட்டன. 1889 அரசியல் சட்டம் நிபந்தனைகளோடு மத சுதந்திரம் தந்தது. ஒப்பந்தத் துறைமுகங்களைத் தாண்டி உள்நாட்டுக்குள் போக அயலாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், 1899 வரை இதுதான் நிலை. அதாவது மட்சுயேயில் கார்மைக்கேல் விருந்தாளி. அந்த அரசு நினைத்தால் அவரைத் திருப்பி அனுப்பலாம். இன்னொரு வேடிக்கை: சக்கரவர்த்தி ஏற்கெனவே மேற்கத்திய ராணுவ உடைக்கு மாறியிருந்தார். 1887இல் சக்கரவர்த்தினி, பெண்கள் மேற்கத்திய உடை அணிவதே நல்லது என்று அறிக்கை விட்டிருந்தார். மேட்டுக்குடி கிமோனோவைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மிஷனரி அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அவர் போய்ச் சேர நினைத்த 'ஜப்பான்' கிராமத்து ஜப்பான், ஏழை ஜப்பான். சமய மாற்றத்துக்கு வேண்டியது எப்போதும் 'மாறாத' மக்கள்தான் போலும்.

அதே மட்சுயேயில் அவருக்கு முன்பு, 1890-91இல், டப்ளினில் வளர்ந்த இன்னொருவர் பள்ளி வாத்தியாராக இருந்தார். லாஃப்கேடியோ ஹெர்ன். அவரும் கிமோனோ கட்டினார். அவருக்கு மிஷனரிகளைக் கண்டாலே ஆகாது. ஜப்பானியப் பெண்ணை மணந்து, பெயரை கொய்சுமி யாகுமோ என்று மாற்றி, 1896இல் அந்நாட்டுக் குடிமகனும் ஆனார். ஒருவர் பழைய ஜப்பானைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பாற்ற வந்தவர். மற்றவர் அதே ஜப்பானை அதன் தெய்வங்களிடமிருந்து காப்பாற்ற வந்தவர். இருவருக்கும் உடுப்பு ஒன்றுதான்!

இருவரும் நரியைப் பற்றி எழுதினார்கள். இசுமோ பக்கம் நரி பிடிப்பது என்றால் நம்மூரில் பேய் பிடிப்பது மாதிரி. நரி பிடித்ததாகச் சொல்லிக் கட்டிப்போட்டிருந்த ஒருவரிடம் கார்மைக்கேலும் மிசாகி சானும் போய் ஜெபிக்கிறார்கள். அவர் பிற்பாடு அடங்கிக் குணமானார் என்று கார்மைக்கேல் எழுதினார். சாத்தானுக்கும் கிறிஸ்துவுக்கும் நடந்த சண்டை, கிறிஸ்து ஜெயித்தார் என்பதே அவர் பார்வை. ஹெர்ன் அதே ஊரில் வேறொன்றைப் பார்த்து எழுதிவைத்தார். சில குடும்பங்கள் 'நரி வைத்திருப்பவர்கள்' என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், அவர்கள் நிலத்தை வாங்க யோசிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொள்ளும் தீட்டு இது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நரி மனிதனுக்குள் இருக்கிறதா, ஊருக்குள் இருக்கிறதா? மிஷனரி மனிதனுக்குள்ளிருந்து நரியை விரட்டினார். ஊருக்குள் இருந்த நரி அப்படியே இருந்தது. ஒப்பந்தக் காலத்து விருந்தாளியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது என்பது வேறு.

இங்கே சவேரியாரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். தமிழ்க் கரையிலிருந்து ஜப்பானுக்குப் போன பாதை அவருடையது. கார்மைக்கேலுடையது தலைகீழ். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து கரையோரமாகவே வடக்கே நடந்தால் வந்துவிடும் மயிலாப்பூரில்தான் 1545இல் சவேரியார் நான்கு மாதம் தங்கி, தோமையார் கல்லறையில் ஜெபித்துவிட்டு, மலாக்காவுக்குக் கப்பலேறினார். முத்துக்குளித்துறையில் கிழிந்த அங்கியும் கைமணியுமாகத் திரிந்தவர். பரவர் மத்தியில் அந்த ஏழ்மைக்கு மரியாதை இருந்தது. 1549இல் ஜப்பான் போனார். கியோட்டோவில் அதே கிழிசலோடு நின்றபோது யாரும் மதிக்கவில்லை. 1551இல் யாமகுச்சிப் பிரபுவைப் பார்க்கப் போகும்போது நல்ல உடை உடுத்தி, பரிசுப் பொருள்களோடு, தூதுவராகப் போனார். கதவு திறந்தது. எங்கே கிழிசல் எடுபடும், எங்கே பட்டு எடுபடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். இதே கணக்கைப் பின்னால் மதுரையில் காவி கட்டி, பூணூல் போட்டு நொபிலி போட்டார். எல்லாம் மேலே இருக்கிறவனைப் பார்த்துப் போட்ட கணக்கு. கார்மைக்கேலின் கணக்கு கீழே பார்த்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். கார்மைக்கேல் மட்சுயேக்குப் பக்கத்தில் ஹிரோசே என்ற பௌத்தக் கிராமத்தில் முதலில் ஒரு ஆத்துமாவைக் கேட்டு ஜெபித்தார். கிடைத்தது, பட்டு நெய்கிற ஒரு இளம்பெண். அடுத்து இரண்டு, அப்புறம் நாலு, எட்டு என்று கேட்டார். சின்ன எண்கள்தான், என்றாலும் எண்கள்.

1894 நடுவில் உடம்புக்கு முடியாமல் ஜப்பானை விட்டார். ஓயாத தலைவலி. 'ஜப்பான் தலை' என்று அங்கிருந்த வெள்ளையர்கள் அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். கொஞ்சநாள் இலங்கை, பிறகு இங்கிலாந்து, 1895 கடைசியில் பெங்களூர், அடுத்த வருஷம் திருநெல்வேலி. ஜப்பானில் வசப்படாத மொழி இங்கே வசப்பட்டது. தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். கிமோனோ கற்றுக்கொடுத்ததை மறக்காமல் சேலை கட்டினார். சக வெள்ளையர் பலருக்கு இது பிடிக்கவில்லை. நம்ம பக்தர்கள் மறுபடியும் அதே இடத்தில் தாழ்மை என்கிறார்கள். ஆனால் கிமோனோவும் சேலையும் ஒன்றா?

ஒன்றில்லை. மட்சுயேயில் அவர் சீட்டு வாங்கித் தங்கிய அந்நியர். திருநெல்வேலியில் கலெக்டரும் நீதிபதியும் அவருடைய ராணியின் ஆட்கள். அவர் விரும்பாவிட்டாலும் அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் நின்றது. அதைவிட முக்கியம், அவர் வந்து இறங்கிய மண்ணில் துணி ஒரு போர்க்களமாக இருந்து ஓய்ந்திருந்தது. டோனாவூருக்கு மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே சாணார் பெண்கள் மார்பை மறைக்க, தோளில் சீலை போட, 1820களிலிருந்து அடிபட்டுப் போராடினார்கள். துணிகள் பொது இடத்தில் கிழிக்கப்பட்டன. 1859இல் மகாராஜா அறிவிப்பு விட்டார்: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது. மேலே சீலை போடலாம், ஆனால் எப்படிப் போடுவதென்று சாதிதான் சொல்லும். இந்தப் பக்கம் 1895இல் கழுகுமலை, 1899இல் சிவகாசி. தெருவில் ஊர்வலம் போகலாமா, கோயிலுக்குள் நுழையலாமா என்பதற்காக ரத்தம் சிந்திய வருஷங்கள்.

இந்த மண்ணில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனக்குப் பிடித்த மாதிரி சேலை கட்டலாம். யாரும் கிழிக்கமாட்டார்கள். அவருக்கு அது தேர்வு. ஒரு சாணார் பெண்ணுக்கோ, தோளில் விழுந்த ஒவ்வொரு முழத்துக்கும் அடி வாங்கியிருக்கிறாள். கீழிறங்கி உடுத்துவது ஒருத்திக்குப் புண்ணியம், ஏறி உடுத்துவது இன்னொருத்திக்குக் குற்றம். துணி அதே துணி.

விலை விஷயத்துக்கு வருவோம். கார்மைக்கேலோடு கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போன தமிழ்ப் பெண்கள் குழு ஒன்று இருந்தது. விண்மீன் கூட்டம் என்று பொருள்படும் பேர் அதற்கு. அதில் பொன்னம்மாள் முக்கியமானவர். இளம் வயதில் விதவையாகி, மாமியார் வீட்டிலிருந்து வெளியே வந்தவர். டோனாவூரைக் கட்டியதில் பாதி இவருடையது என்பேன். 1915இல் இறந்தார். இந்தக் குழுவின் பெண்கள் ஒரு கட்டத்தில் தங்கள் நகைகளைக் கழற்றிவிடுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களே இதைப் பொறுக்கவில்லை. குடும்ப மானம் காதிலும் கழுத்திலும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷன் எழுத்துகளில் இது உலக ஆசையைத் துறந்த காட்சி. சரி, நகை என்பது என்ன? நிலம் கணவன் பேரில், வீடு மாமனார் பேரில் இருந்த காலத்தில் ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது என்று இருந்த ஒரே சொத்து அதுதான். பஞ்சத்தில் விற்கலாம், துரத்திவிட்டால் அடகு வைக்கலாம். வெள்ளைக்காரப் பெண் கழற்றியது ரோமக் கையுறை. அவருக்குப் பின்னால் கெஸ்விக்கின் பணமும் மிஷன் சங்கமும் இருந்தன. தமிழ்ப் பெண் கழற்றியது தன் வங்கியை. இரண்டையும் 'தியாகம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவது பெரிய மோசடி. பொன்னம்மாளின் தியாகம் பல மடங்கு பெரிது என்று சொன்னால் கார்மைக்கேலே ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. 1918இல் பொன்னம்மாளைப் பற்றி அவர் தனிப் புத்தகமே எழுதினார். மிசாகி சானுக்கு அது வாய்க்கவில்லை.

இது பழைய கதையல்ல. எழுபதுகளுக்குப் பிறகு சேரிகளுக்கும் குப்பங்களுக்கும் போன நம் தோழர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கைத்தறிச் சட்டை, ஜோல்னா பை, ரப்பர் செருப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையோரக் குப்பங்களில் வந்து இறங்கிய தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்கும் ஒரு எளிமைச் சீருடை இருந்தது. நாம் கிழிசல் உடுத்தும்போது, முதல் கூலியில் பாலியஸ்டர் சட்டையும் கூலிங்கிளாஸும் வாங்கிய சேரிப் பையனைப் பார்த்து 'நுகர்வு மோகம்' என்று முகம் சுளித்தோமே, அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது? அம்பேத்கர் கோட் சூட் போட்டதன் அர்த்தம் பிடிபட நமக்கு எத்தனை வருஷமாயிற்று?

1901 மார்ச்சில் பெருங்குளத்திலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கார்மைக்கேலிடம் வந்து சேர்கிறாள். கோயிலுக்கு ஒப்புக்கொடுக்க வைத்திருந்தவள். முன்பு ஒருமுறை தப்பி ஓடியதற்காகக் கையில் சூடு போட்டிருந்தார்கள் என்று கார்மைக்கேல் எழுதுகிறார். கிமோனோவிலும் மாட்டுவண்டியிலும் தேடியது முடிவுக்கு வருவது இங்கேதான். ஊர் ஊராகப் போய் ஆத்துமாக்களை எண்ணிக்கொண்டிருந்தவர், குழந்தைகளோடு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். டோனாவூர், ஜெர்மானியப் பிரபு ஒருவரின் காசிலும் பேரிலும் உண்டான கிராமம், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வீடாகிறது. சாதி பார்க்காத வீடு, கலர் கலராய்ச் சேலை கட்டிய பிள்ளைகள், புதுப் பெயர்கள். 1903இல் வந்த அவருடைய புத்தகம் மிஷன் வெற்றிக் கதைகளைக் கெடுக்கிறது என்று தாயகத்தில் முதலில் தயங்கினார்கள். இந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் அவர் எழுத்தில் கோயில் ஒரு இருட்டு. குழந்தை அந்த இருட்டிலிருந்து வெளியே தூக்கப்படுகிறது. அந்தக் குழந்தையைப் பெற்றவள், வளர்த்தவள், மானியத்தை நம்பிப் பிழைத்தவள் எல்லோரும் இருட்டின் பகுதிகள். நிலம் யாருடையது, காசு யார் கையில், படுக்கைக்கு வந்த மைனர் யார் என்ற கேள்விகள் அங்கே எழவில்லை. நரி மறுபடியும் மனிதருக்குள் மட்டும்தான். அந்தக் கேள்விகளைக் கேட்க, அந்த வீடுகளுக்குள்ளேயே வளர்ந்த ஒருத்தி வரவேண்டியிருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தாசி மரபில் வளர்ந்து, சுயமரியாதை இயக்கத்தில் மேடை மேடையாகப் பேசி, 1936இல் நாவலாகவும் எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் 1927இலிருந்து தொடுத்த வாதம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் முழுச் சட்டமானது. அப்போது கார்மைக்கேல் டோனாவூரில், 1931இல் கீழே விழுந்ததிலிருந்து எழமுடியாமல், தன் அறையில் படுத்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது.