எருசலேமின் அன்னசாலை

எருசலேமைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் ஆலயங்களையும் மதில்களையும் போர்களையுமே பெரிதும் எடுத்துரைப்பர். மாணவ நண்பர்களே, நான் இன்று அந்நகரின் அடுக்களை ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

துருக்கிப் பேரரசர் சுலைமான் 1520 முதல் 1566 வரை ஆண்டவர். அவருடைய அரசி ஹுர்ரம், இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்து, அடிமையாகப் பிடிபட்டு அரண்மனைக்கு வந்தவர். அவர் 1550-களில் எருசலேமில் ஏழைகளுக்காக ஓர் அன்னசாலை நிறுவினார். இதனைத் துருக்கியர் 'இமாரத்' என்பர்.

கொடையாளி மறைந்தால் கொடையும் மறைவதே உலக வழக்கம். இங்கே அவ்வாறு நேராமற் காத்தது 'வக்ஃபு' என்னும் இஸ்லாமிய அறநிலை முறை. ஒரு சொத்தை வக்ஃபு என்று எழுதிவைத்துவிட்டால், பின்னர் அதனை விற்கவோ தானமளிக்கவோ மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கவோ இயலாது. வருவாய் மட்டும் குறித்த அறத்திற்குச் செல்லும். ஹுர்ரம் அரசி ரம்லா வட்டாரத்துச் சிற்றூர்களின் வருவாயையும், எருசலேமில் ஒரு குளியல் மண்டபத்தையும், வேறு சில சொத்துக்களையும் இவ்வாறு எழுதிவைத்தார்.

அந்தச் சாசனம் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். அரசியின் பெருமையைப் பாடும் வரிகளைவிட, சமையற்கட்டின் கணக்கே அதில் சுவையானது. நாள்தோறும் இருவேளை உணவு. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் குருணைக் கஞ்சி, உடன் ரொட்டி. வெள்ளி இரவுகளிலும் ரமலான் இரவுகளிலும் ஆட்டிறைச்சிச் சோறும், குங்குமப்பூவிட்ட இனிப்புச் சோறும் உண்டு. 400 ஏழைகளுக்கு உணவு என்பது விதி. ஆனால் ஊழியருக்கு ஆளுக்கோர் அகப்பை கஞ்சி. ஏழைகளுக்கோ இருவருக்கு ஓர் அகப்பை! அறத்திலும் படிநிலை உண்டுபோலும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. அக்கஞ்சிக்குரிய கோதுமை அரசியின் வயலில் விளைந்ததன்று. ரம்லாவின் உழவர் செலுத்திய வரியில் வந்தது. அரசின் கருவூலத்திற்குச் செல்ல வேண்டிய பங்கு ஏழையின் கிண்ணத்திற்குத் திரும்பியது. உழவனின் சுமை குறைந்ததா என்று கேட்டால், குறையவில்லை என்றே சொல்வேன். எனினும் அவ்வரி படைக்கோ மாளிகைக்கோ போகாமற் பசித்தவனுக்குப் போயிற்று என்பதைச் சிறிதென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

1558-இல் அரசி காலமானார். பின்னர்ச் சுலைமான் மேலும் சில ஊர்களை அவ்வறத்துடன் சேர்த்தார். துருக்கிப் பேரரசு மறைந்தது. அதன்பின் நகரை ஆண்டோர் பலமுறை மாறினர். எருசலேமின் பழைய நகரத்தில் அந்த அன்னசாலை அரசியின் பட்டப்பெயரான 'காஸ்கி சுல்தான்' என்னும் பெயரோடு இன்றும் இருக்கிறது. ரமலான் மாதத்தில் பாத்திரமேந்தி வருவோர் அங்கே உணவு பெற்றுச் செல்கின்றனர்.