காயமற்ற கொடுமையும் கலையின் சாட்சியமும்

உடலிலே தழும்பு இருந்தாலன்றிக் கொடுமை நிகழவில்லை என்று உலகம் நெடுங்காலம் நம்பிவந்தது. கை ஓங்காமலே மனைவியின் பணத்தையும் பயணத்தையும் நட்பையும் பேச்சையும் தன் பிடிக்குள் வைத்திருந்தவன், 'கண்டிப்பான கணவன்' என்றே பெயர் பெற்றான். இவ்வாறு அடக்கியாளுவது குற்றமெனச் சட்டம் உணர்வதற்கு நெடுநாள் முன்னரே கலை அதனை உணர்ந்து சாட்சி கூறியது. அந்த வரலாற்றை அக்குறணை போன்ற ஊர்களிலே கற்பிப்போரும் கற்போரும் அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

1879 டிசம்பரில் கோப்பன்ஹேகன் நகரிலே இப்சனின் 'பொம்மை வீடு' மேடையேறியது. அதிலே ஹெல்மர் தன் மனைவி நோராவை அடிப்பதில்லை. வானம்பாடி என்றும் அணில் என்றும் கொஞ்சுகிறான். ஆனால் அவள் இனிப்புத் தின்னலாகாது என்று விதிப்பவனும் அவனே. வீட்டுக் கடிதப் பெட்டியின் சாவியும் அவனிடமே இருக்கிறது. கணவனின் சம்மதமின்றி மனைவி கடன்பெற இயலாத சமுதாயம் அது. நோயுற்ற கணவனைக் காப்பாற்றும் பொருட்டுத் தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டு நோரா கடன் வாங்குகிறாள். உண்மை வெளிப்பட்டதும், கொஞ்சிய அதே வாய் அவளைப் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள் என்று தூற்றுகிறது. இறுதியில் அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள். ஐரோப்பா அதிர்ந்தது. ஜெர்மன் மேடைக்காக 1880இல், அவள் வீட்டிலேயே தங்கிவிடுவதாக முடிவை மாற்றவேண்டிய நிர்ப்பந்தம் இப்சனுக்கே நேர்ந்தது!

1938இல் இங்கிலாந்திலே பற்றிக் ஹமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம் வந்தது. கணவன் பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு, மறதி மனைவியுடையதென்று சாதிக்கிறான். விளக்கு மங்குவதைக் கண்ணாற் கண்டும் தன் கண்ணையே நம்பமுடியாத நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். 1944இல் இது ஹொலிவூட் திரைப்படமாகி, நடிகை இங்கிரிட் பேர்க்மனுக்கு ஒஸ்கார் விருதைத் தேடித்தந்தது. ஒருவரின் அறிவையே அவர் சந்தேகிக்கும்படி செய்யும் கொடுமைக்கு நாடகத்தின் பெயரே ஆங்கிலத்திற் சொல்லாகி நிலைத்தது. நெருங்கிய உறவுகளிலே தொடர்ந்து அடக்கியாளுவதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் வந்ததோ 2015இல். கலைக்கும் சட்டத்துக்கும் இடையே 77 ஆண்டுகள்! சட்டம் வந்த பின்னரும் கலையின் பணி ஓயவில்லை. 2016இல் பி.பி.சி. வானொலியின் 'ஆர்ச்சர்ஸ்' தொடரிலே ஒரு மனைவி படிப்படியாக அடக்கப்பட்ட கதையைக் கேட்டு மனமுருகிய நேயர்கள், அத்தகைய பெண்களுக்கு உதவ ஒரு லட்சம் பவுனுக்கு மேல் திரட்டினர்.

மேலைநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது கண்டி மண்ணிலும் கையொப்பம் ஒரு பிரச்சினையே. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பெண்கல்விக்காக வாதாடியதோடு கண்டியிலே பெண்களுக்குப் பாடசாலையும் அமைத்தார். பெண்ணின் கையிலே எழுத்தைக் கொடுக்க முனைந்த முன்னோடி அவர். ஆயினும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகள் தன் விவாகப் பதிவிலே ஒப்பமிடுவதைக் கட்டாயமாக்கவில்லை. எழுதக் கற்ற கைக்குத் தன் வாழ்வின் தலையாய பத்திரத்திலே இடமில்லாது போயிற்று. சம்மதம் கேட்கப்படாது தொடங்கும் உறவிலே பின்னர் அவள் சம்மதத்தை எவர் கேட்பர்?

அக்குறணைக்கு அண்மையிலுள்ள பேராதனையிலே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அவர் 1964இல் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்திலே இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் 1980களில் பெண்விடுதலையைப் பொருளாகக்கொண்டு 'சக்தி பிறக்குது' நாடகத்தை ஆக்கினார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் பெண் கவிஞர்களின் படைப்புகளைத் தொகுத்து 'சொல்லாத சேதிகள்' என வெளியிட்டது. வீட்டுக்குள் அடங்கிக்கிடந்த துயரங்கள் அரங்கிலும் அச்சிலும் பொதுப் பிரச்சினையாயின. நமது நாட்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இலேதான், தொடர்ந்து இழிவுபடுத்தும் கொடூர நடத்தையை 'உளத் துன்புறுத்தல்' என ஏற்று, நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோர வழிசெய்தது.

எனினும் தனக்கு நேர்வது கொடுமையே என்று அறியாதவள் நீதவானிடம் எதனைக் கூறுவாள்? அந்த அறிவை ஊட்ட வல்லது கலை. 'நாடகமும் அரங்கியலும்' நம் பாடசாலைகளிலே ஒரு பாடம். தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே நாடகத்துக்கு இடமுண்டு. அங்கெல்லாம் மன்னர்களும் புலவர்களும் மட்டுமே தோன்றவேண்டுமா? கடிதப் பெட்டியின் சாவி இன்று கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லாக மாறியிருக்கிறது. அதனைக் கேட்டு வாங்கும் கணவனையும், சம்பளத்தை முழுதாய் ஒப்படைக்கும் ஆசிரியையையும், தாய்வீடு செல்ல அனுமதிக்குக் காத்திருக்கும் இளம் மனைவியையும் மாணவர் மேடையேற்றட்டும். திரை விழுந்த பின், 'இது அன்பா, ஆதிக்கமா?' என்று ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கிருந்து வாதிடட்டும். அந்த வாதத்தைத் தொடங்கிவைப்பது ஆசிரியர்களாகிய நமது கடமையாகும்.