தச்சு வண்டின் சுரங்கம்

ஓட்டு வீட்டின் கைமரத்திலோ கொல்லைப் பந்தலின் மூங்கிலிலோ, சுண்டுவிரல் நுழையும் அளவில், துளைக்கருவி கொண்டு குடைந்தாற்போன்ற வட்டமான துளை ஒன்றை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். அதற்கு நேர் கீழே தரையில் மரத்தூள் சிந்திக் கிடக்கும். சற்று நேரம் நின்று பார்த்தால், பளபளக்கும் கரிய உடலும் நீலம் மின்னும் சிறகும் கொண்ட பருத்த பூச்சி ஒன்று உரத்த ரீங்காரத்துடன் வந்து அத்துளைக்குள் நுழையும். நாம் அதைக் கருவண்டு என்கிறோம். பூச்சியியலார் கணக்கில் அது வண்டினத்தைச் சேர்ந்ததன்று, தேனீக்களின் உறவு. வண்டு என்னும் ஒரே சொல்லால் பொன்வண்டையும் பூவில் தேன் உண்ணும் பூச்சியையும் குறிப்பது நம் நெடுநாள் வழக்கம். அதனால் வந்த குழப்பம் இது. பெயர் இருக்கட்டும். இது ஏன் மரத்தைக் குடைகிறது?

தின்பதற்கு என்றுதான் எவரும் முதலில் நினைப்பர். கறையானையும் உளுவையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். அவ்வாறன்று என்பதை ஊன்றிப் பார்த்து விரிவாக எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமர். வெப்பமானி அளவை ஒன்றுக்குப் பெயர் தந்த அதே ரியோமர்தான். குளவிகள் மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு செய்வதைக் கண்டு, மனிதரும் மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று 1719-இல் கருத்துரைத்தவரும் அவரே. பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1734 முதல் 1742 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஆறாம் தொகுதியில் மரம் துளைக்கும் தேனீக்களுக்குத் தனி இடம் உண்டு.

வெயிலில் காய்ந்து சற்றே உளுத்த மரத்தைத்தான் பெண் ஈ நாடுகிறது. கொடி படரும் பழைய கழிகள், கதவு, சன்னல் பலகை ஆகியவை அதற்கு உகந்தவை. முதலில் நேராக உள்ளே துளைக்கும். பிறகு திரும்பி, மர இழை ஓடும் திசையிலேயே ஓரடிக்குச் சற்று மிகுந்த நீளத்திற்குச் சுரங்கம் தோண்டும். கருவி என்று இருப்பவை இரண்டு தாடைகள் மட்டுமே! சுரங்கத்தின் கடைக்கோடியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இடும். ஏறத்தாழ ஓர் அங்குலம் விட்டு, மரத்தூளையே உமிழ்நீரால் ஒட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும். அச்சுவரே அடுத்த அறைக்குத் தளம். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக அமைவதுண்டு. தான் செதுக்கிய தூளையே சுவருக்குச் சாந்தாக்கும் இச்சிக்கனம் வேறெந்தத் தச்சனுக்கும் வாய்க்காது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கடைக்கோடி முட்டைதான் மூத்தது. முதலில் வளர்ச்சி பெற வேண்டியதும் அதுவே. வாசலோ மறுகோடியில் இருக்கிறது. இடையில் உறங்கும் தம்பி தங்கையரைச் சிதைக்காமல் மூத்தது வெளியேறுவது எப்படி? கீழ்க்கோடியிலும் ஒரு வழி இருக்கும், குஞ்சுகள் அவ்வழியே வெளிவரும் என்பது அக்கால நூல்கள் தந்த விடை. எல்லாச் சுரங்கங்களுக்கும் இது பொருந்தவில்லை. பிற்காலத்தில் ஃபேபர் (1823–1915) என்னும் பிரெஞ்சுப் பூச்சியியலார், முட்செடித் தண்டில் இதே போல அடுக்கறை அமைக்கும் வேறொரு தேனீயைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துப் பார்த்தார். விழித்தெழுவதில் மூப்பு முறை எதுவும் இல்லை. முதலில் விழித்தது தடுப்பை உடைக்கும், எதிரே உயிருள்ள உடன்பிறப்பின் கூடு இருந்தால் அதைக் கடிக்காது, ஓரமாக நெருக்கிச் செல்லப் பார்க்கும், வழியில்லையேல் காத்திருக்கும். எதிரே இருப்பது இறந்துபோனதாயின் தயங்காமல் அதைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த வேறுபாட்டை அது அறிந்துகொள்கிறது என்பதுதான் வியப்பு.

'சைலோகோப்பா' என்னும் பெயரை இவ்வினத்திற்கு 1802-இல் சூட்டியவர் லத்ரேய். மரம் வெட்டி என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைப்பட்ட இப்பாதிரியார், 1794-இல் சிறைக்குள் கண்ட ஓர் அரிய வண்டின் மூலமாகவே விடுதலை பெற்றார் என்பது தனிக்கதை. நம் நாட்டு இனம் ஒன்றுக்கோ 1787-இல் சுவீடன் நாட்டு சுவெடெரஸ் தரங்கம்பாடியின் பெயரையே வைத்தார். அவ்வூர் அப்போது டேனியர் வசம் இருந்தது. இன்றும் அதன் அறிவியல் பெயர் 'டிராங்குபாரோரம்'. மூங்கிலின் உட்புழை ஆயத்தமாகவே இருப்பதால், அதற்குத் துளை போடும் வேலை மட்டுமே மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டில் கதை திசை மாறுகிறது. அமெரிக்காவில் மரவீடுகள் மிகுதி. அங்குள்ள இனம் இறவாரப் பலகைகளைக் குடைந்தது. ஒரு துளையால் வீடு விழுந்துவிடாது. ஆனால் மகள் தாயின் சுரங்கத்தையே நீட்டித்துக் கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பலகை உள்ளீடற்றுப் போகும். உள்ளிருக்கும் புழுவைத் தேடி மரங்கொத்தி வந்தால் சேதம் இன்னும் பெரிது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லித் திறன் 1939-இல் வெளிப்பட்ட பின், வீட்டுப் பூச்சி எதுவானாலும் நஞ்சு தூவுவது எளிய தீர்வாயிற்று. அமெரிக்காவில் 1972-இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. தச்சு ஈயின் துளைக்குள் ஊதும்படி பல காலம் பரிந்துரைக்கப்பட்ட தூள் கார்பரில். 'செவின்' என்னும் வணிகப் பெயரை நம் உழவர்களும் அறிவர். அதைச் செய்த ஆலைகளுள் ஒன்றுதான் போபாலில் இருந்தது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் அங்கிருந்து கசிந்தது, அத்தூளைச் செய்வதற்கான இடைப்பொருளாகிய மெத்தில் ஐசோசயனேட்டு. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்தியாவில் கார்பரிலுக்குத் தடை வந்தது 2018-இல்.

இதே ஈயை மரக்கட்டை வைத்து அழைத்த ஊர்களும் உண்டு. மஞ்சள் பேஷன் பழக்கொடி தன் மகரந்தத்தாலேயே காய்க்காது. அதன் பூவில் மகரந்தப் பைகளும் சூல்முடியும் உயரத்தில் இருப்பதால், சிறிய தேனீ கீழே தேனை உண்டுவிட்டுப் போய்விடும். தச்சு ஈயின் பருத்த முதுகு மட்டும் இரண்டிலும் உரசும். ஹவாய்த் தோட்டங்களில் கொடிகளுக்கிடையே உளுத்த கட்டைகளைப் போட்டு வைத்ததும், பிரேசிலில் ஈ குறைந்த இடங்களில் கூலியாட்கள் கையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவதும் இதனால்தான்.

அப்படியானால் நம் கைமரத்தை என்ன செய்வது? வண்ணம் பூசிய மரத்தை இந்த ஈ பெரும்பாலும் தீண்டாது. எண்ணெய் வண்ணம் இரண்டு பூச்சு கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே தாய் இருக்கும்போதே துளையை அடைத்தால் பக்கத்தில் வேறொரு துளை போட்டு வெளிவரும். ஆகவே குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுத்து, மரமுளை அறைந்து மக்கு பூச வேண்டும். நம் முகத்துக்கு நேரே வந்து அச்சுறுத்துவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையால் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. கொல்லையில் பூசணியோ பாகலோ போட்டிருப்பவர்கள், ஒரு கணு மூங்கிலை மழை படாமல் வேலியோரம் கிடையாகக் கட்டி வைத்துப் பார்க்கலாம்.