விமானம் இல்லாத விமானந்தாங்கி

எங்கட கப்பலின் நீளம் 3 அடி. உண்மையான கப்பல் 600 அடி. 200-இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, ரெஜிபோம், பிறிஸ்டல் போர்ட், சாம்பல் நிறப் பெயின்ற் எல்லாம் வாங்கி, நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில வேலையைத் தொடங்கினோம். கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ். மட்டக்களப்புக் கடலுக்குள்ள பெரிய கப்பல் ஒன்று கிடக்குது என்று சின்ன வயசில இருந்தே கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஆனா அது ஏன் அங்க கிடக்குது என்று கேட்டா, எங்களில ஒருத்தருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. செய்து பார்த்தாலாவது விளங்கும் என்று நினைத்தோம்.

1918 ஜனவரியில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் இதைக் கட்டத் தொடங்கினார்கள். அதுவரை விமானம் ஏற்றிய கப்பல்கள் எல்லாம் வேறு தேவைக்குக் கட்டி, பிறகு மாற்றியமைத்தவை. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹெர்மிஸ்தான். ஆனால் முதலாம் உலகப்போர் முடிந்ததும் வேலை இழுபட்டது. 1924-இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் யப்பான் தன்னுடைய ஹோஷோ என்ற விமானந்தாங்கியை 1922-இலேயே முடித்துவிட்டது. முந்தித் தொடங்கியது பிரித்தானியா, முந்தி முடித்தது யப்பான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இந்தச் செய்தி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மேல்தளம் வெட்டுவது சுலபம். வலப்பக்கம் புகைபோக்கியும் கட்டளைக் கோபுரமும். அதன் மேல் மூன்று கால் பாய்மரம். அதுக்குத் தென்னை ஈர்க்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. பக்கங்களில் 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறு. அவை கப்பல்களைச் சுடுவதற்கானவை. கடைசியாக, 12 சுவோர்ட்பிஷ் விமானங்கள். ஒவ்வொன்றின் இறக்கையும் 7 சென்ரிமீற்றர், அதுவும் இரட்டை இறக்கை. இரண்டு வாரம் மினக்கெட்டு வெட்டி, மடித்து, தளத்தில வரிசையாக ஒட்டினோம். பார்க்க நல்ல வடிவு.

அப்பதான் ஒரு கேள்வி வந்தது: இது எந்த நாளின் கப்பல்?

1942 ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பில் குண்டு போட்ட யப்பானியப் படை, அட்மிரல் நகுமோ தலைமையில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை. அடுத்த இலக்கு திருகோணமலை என்று எச்சரிக்கை வந்ததும், 8-ஆம் திகதி இரவு அங்கிருந்த கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஹெர்மிஸும் அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் கரையோரமாகத் தெற்கே வந்தன. ஹெர்மிஸின் விமானங்களோ திருகோணமலையில் தரையில் நின்றன. 9-ஆம் திகதி காலை யப்பானிய வேவு விமானம் ஒன்று இவற்றைக் கண்டுவிட்டது. திரும்பித் திருகோணமலைக்கு வரச்சொல்லிக் கட்டளை வந்தது. பத்தரை மணியளவில், போகும் வழியில், குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தன. அனுப்பப்பட்டவை 85. அரை மணித்தியாலத்துக்குள்ள ஹெர்மிஸ் இல்லை. உதவிக்கு வந்த பிரித்தானிய விமானங்கள் கப்பல் தாழ்ந்த பிறகே வந்தன.

அந்தக் காலையில் கப்பலில் ஒரு விமானமும் இல்லை.

எங்கட கடலில கிடக்கிற கப்பலைச் செய்யிறம் என்று சொல்லிக்கொண்டு, அந்த 12 விமானத்தையும் விட்டுவைக்க முடியவில்லை. வெட்டினவருக்கு முகம் வாடிப்போச்சு. ஆனாலும் பிளேட்டால் கீறிக் கழற்றினோம். பசை இருந்த அடையாளம் தளத்தில இப்பவும் தெரியும். பார்க்க வாறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “பிளேன் எங்க?” என்றுதான். கதையை அதில இருந்துதான் தொடங்குவோம்.

கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியது. வீற்றா முன்பு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பயணிகள் கப்பல். அன்றைக்கு வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் இந்தக் கரையோரத்தில் தாழ்ந்தன.

எங்கட அளவில ஒரு மனிதரின் உயரம் ஒன்பது மில்லிமீற்றருக்குள்ள. ஒரு நெல்மணி. 307 நெல்லை எண்ணி ஒரு தட்டில போட்டுப் பார்த்தோம். ஒரு கைப்பிடிக்குக்கூடக் காணாது. எண்ணி முடிக்கத்தான் நேரம் எடுத்தது.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே எங்களில ஒருத்தர் கேட்டார்: “எங்கட கடலில போன எங்கட சனத்தை ஆர் இப்பிடி ஒவ்வொண்டா எண்ணினது? வெள்ளைக்காரன்ட கப்பலுக்கு இவ்வளவு மினக்கெடுறம்.” கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. கேள்வி நியாயமானது. இந்தப் போரில் சேருவதா வேண்டாமா என்று இலங்கைச் சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் 307 என்று எங்களால் சொல்ல முடிவது, யாரோ பெயர்ப்பட்டியல் வைத்திருந்ததால். அந்தப் பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுச்சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 2004 சுனாமியிலும் அதுக்கு முந்திய போர்க்காலத்திலும் போனவர்களில் சிலருக்கு நினைவுத்தூபியில் பெயர் இருக்கு. பல பேர் “நிறையச் சனம்” என்ற சொல்லுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

கல்லடியில் ஒரு மீனவப் பெரியவரிடம் மொடலைக் காட்டினோம். “கப்பல் என்டு நாங்க நினைக்கிறல்ல மனே. பார் மாதிரித்தான் அது. மீன் கூடுற இடம், வலை போட்டா மாட்டுற இடம்,” என்றார். கப்பல் கிடப்பது கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மைலில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில். எங்கட அளவில கரை வெறும் 40 மீற்றர் தள்ளி, ஆழம் ஒரு அடியும் இல்லை. அவ்வளவு கிட்ட. பிறகு அவர், அந்தப் பக்கம் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராத தன் ஆக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பெயர், ஊர், போன மாதம் எல்லாம் அவருக்கு நினைவில இருந்தது.

அன்றைக்கு எங்களிடம் கொப்பி இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு கொப்பியோடு போனோம். இதுவரை 11 பெயர்கள் எழுதியிருக்கிறோம்.