சோழனும் சூலனும்

‘கடாரம் கொண்டான்’ என்னும் பெயரைக் கேட்டுத் தலைநிமிராத தமிழர் இந்நாட்டில் அரியர். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக் காடானபின் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்த நம்மவரும், “பேராக்கை ஆண்டவன் நம் சோழன்” என்று பிள்ளைகளுக்குக் கூறி மகிழ்வர். கூலியென்று இழித்துரைக்கப்பட்ட மக்களுக்கு அப்பெருமை ஒரு மருந்தென்பதை நாம் அறிவோம். ஆயினும் மருந்தையும் அளவறிந்தே உண்ணல் வேண்டும். ஆதலின் சரித்திரம் யாது, கதை யாது எனப் பகுத்துணர்தல் நம் கடன்.

முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து படை செலுத்தினான். ஏறத்தாழ 1030இல் தஞ்சைப் பெருங்கோயிலில் பொறிக்கப்பெற்ற மெய்க்கீர்த்தி, சீவிசயம் முதல் கடாரம் ஈறாகப் பத்துக்கு மேற்பட்ட இடங்களைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், அவன் செல்வம் கவரப்பட்டதையும் சொல்கின்றது. கடாரமென்பது இன்றைய கெடா. சோழன் அங்கே தங்கி அரசாண்டான் என்று அக்கல்வெட்டு கூறவில்லை.

பேராக்கை இக்கதையோடு பிணைப்பது ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் நூலாகும். அதன் முகவுரை காட்டும் ஆண்டு 1612. படையெடுப்புக்கும் அதற்கும் இடையே ஐந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. ஏட்டுக்கு ஏடு சூலன், சூரன் எனப் பெயர் திரியும் இந்திய அரசனொருவன், டிண்டிங் பகுதியிலிருந்த கங்காநகரத்தை வென்றானாம். தஞ்சைக் கல்வெட்டிலோ கங்காநகரமென்ற பெயரே இல்லை!

அவ்வரசன் பின்னர்ச் சீனத்தின்மேல் படையெடுத்தான். சீனர், பல்லிழந்த கிழவரையும், காய்க்கும் மரங்களையும், துருவேறிய ஊசிகளையும் ஒரு மரக்கலத்தில் ஏற்றியனுப்பினர். “சிறுவராய்ப் புறப்பட்டோம்; கிழவரானோம். விதைகள் மரமாயின; இரும்புத் தண்டுகள் தேய்ந்து ஊசியாயின” என்றனராம் கிழவர். சீனம் அத்துணைத் தொலைவென நம்பி அரசன் திரும்பினான். பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கி, கடலரசன் மகளை மணந்தான். அவர்கள் வழியில் தோன்றியவரே மலாய் அரசரென்பது அந்நூலின் கொள்கை.

உலகெங்கும் கதை இவ்வாறே வளரும். பிரித்தானியரின் ஆர்தர் அரசனைப் பாருங்கள். 6ஆம் நூற்றாண்டினரான கில்தாஸ் அவன் பெயரையே குறிக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டு நூலொன்று அவனுக்குப் பன்னிரண்டு போர்களை அளித்தது. 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி அவனைப் பேரரசனாக்கினார். ஆர்தருக்கு அவன் காலத்துக் கல்வெட்டு இல்லை, இராசேந்திரனுக்கோ உண்டு. கல்லிருக்கக் கதையைச் சரித்திரமென மயங்குவது நமக்கு அழகாகுமா?

அதனால் கதை பயனற்றதென்று நாம் கூறவில்லை. கல்வெட்டு கொள்ளையைப் பாட, கதையோ பகைவனை மூதாதையாக்கி உறவு கொண்டாடுகின்றது. மலாக்கா வழியில் வந்து 1528இல் தோன்றிய பேராக் அரசகுடியிலும் சூலன் என்ற பெயர் வழங்கிற்று. ‘மீசா மெலாயு’வை 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய இளவரசர் ராஜா சூலான். கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலானும் பிற்காலத்துப் பேராக் இளவரசர் ஒருவரின் பெயரைத் தாங்கியதே. மலாய் மக்கள் விரும்பி ஏற்ற இவ்வுறவு, வாள்முனையில் பெற்ற வெற்றியினும் உயர்ந்ததன்றோ?

இன்னுமொன்று. இராசேந்திரன் கலங்களில் துடுப்பு வலித்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி, காடழித்து, ரப்பர் நட்டு, பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டியர்க்கும் மெய்க்கீர்த்தி இல்லை. இம்மண்ணில் நமக்குள்ள உரிமை அவர்கள் சிந்திய வியர்வையால் வந்தது. பிள்ளைகளுக்குச் சோழன் கதையைச் சொல்லுங்கள், கதையென்றே சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டுகள் மரம் வெட்டினாள் என்பதைச் சொல்லுங்கள்.